ஆரம்பகாலத் தாவர உண்ணி டைனோசரின் எலும்புக்கூட்டை விவரித்து எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் சார்மவுத் கடற்கரையில் 1858இல் கிடைத்த செலிடோசாரஸ் எலும்புக்கூட்டைப் பற்றி ரிச்சர்ட் ஓவன் 1860களின் தொடக்கத்தில் எழுதினார். உடல் முழுவதையும் எலும்பு எலும்பாக விளக்கும் நூல்களை டேவிட் நார்மன் 2020இல்தான் வெளியிடத் தொடங்கினார். கோதாவரிப் பள்ளத்தாக்கின் பராபாசாரஸுக்கு 1975இல் பெயர் சூட்டப்பட்டது, அதன் விரிவான எலும்பியல் விவரணை 2010இல் வந்தது. பெயர் வைப்பது சில பக்கங்களில் முடிந்துவிடும். விவரணை அப்படியல்ல. உலகின் மறுமூலையில் இருக்கும் ஆய்வாளர் அந்த எலும்பைக் கையில் எடுக்காமலேயே தன்னிடமுள்ள எலும்போடு ஒப்பிட அது உதவ வேண்டும்.

இந்த வழிகாட்டி டிரையாசிக்கின் பிற்பகுதியிலிருந்து ஜுராசிக்கின் தொடக்கம் வரை வாழ்ந்த தாவர உண்ணிகளுக்கானது. பெரும்பாலும் சாரோபோடோமார்ஃப் வகையை (பின்னாளின் நீண்ட கழுத்துச் சாரோபோடுகளும் அவற்றின் ஆரம்பகால உறவினர்களும் அடங்கிய குழு), அதாவது ஜெர்மனியின் பிளேட்டியோசாரஸ், தென்னாப்பிரிக்காவின் மாசோஸ்பாண்டிலஸ், தெலங்கானாவின் லாம்ப்லுசாரா போன்றவற்றை, மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஹெட்டரோடான்டோசாரஸ், லெசோதோசாரஸ் போன்ற ஆர்னிதிஸ்கியன்களுக்கு (தாவர உண்ணிகளின் இன்னொரு பெரும் கிளை) எங்கே வேறு மாதிரிப் பார்க்க வேண்டுமோ அங்கே தனியாகச் சொல்கிறோம்.

1. எலும்பைத் தொடும் முன் காகிதங்களைத் தேடுங்கள்

அருங்காட்சியக அலமாரியில் இருக்கும் எலும்பானால் முதல் வேலை பதிவேடு, கள நோட்டு, பழைய புகைப்படங்கள், எலும்பின் மேல் மையால் எழுதிய எண்கள் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று சரிபார்ப்பது. பதிவெண்ணை எப்போதும் முழுமையாக எழுதுங்கள். கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலுள்ள லாம்ப்லுசாராவின் அடிப்படை மாதிரிக்கு (இனப்பெயர் எந்த எலும்புகளோடு கட்டப்பட்டிருக்கிறதோ அவற்றுக்கு) ஐ.எஸ்.ஐ. ஆர்257 என்பது எண். "கொல்கத்தா எலும்புக்கூடு" என்று எழுதினால் பத்து ஆண்டுகளுக்குப் பின் எது என்று யாருக்கும் தெரியாது.

களத்தில் நீங்களே தோண்டுவதாக இருந்தால் ஒவ்வொரு எலும்புக்கும் நான்கு செய்திகள் கட்டாயம்: எந்தப் படிவ அடுக்கு, அடுக்கின் அடிப்பகுதியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம், எலும்பின் நீள அச்சு எந்தத் திசை, எந்தப் பக்கம் மேல்நோக்கி இருந்தது. கடைசிச் செய்தியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மண்ணின் எடை எலும்பை எந்தத் திசையில் நசுக்கியது என்று பிறகு கண்டுபிடிக்க அதுதான் ஆதாரம். எலும்பை எடுக்கும் முன் அதன் மேற்பரப்பில் வடதிசை அம்பை அழியக்கூடிய மையால் வரைந்து படம் எடுத்துவிடுங்கள்.

அடுக்கின் பெயரிலும் கவனம் வேண்டும். கோதாவரிப் பகுதியில் மலேரி படிவத்தின் மேற்பகுதியும் தர்மாரம் படிவத்தின் கீழ்ப்பகுதியும் டிரையாசிக்கைச் சேர்ந்தவை, தர்மாரத்தின் மேற்பகுதி ஜுராசிக்கின் தொடக்கம். 2011இல் விவரிக்கப்பட்ட நம்பாலியாவும் ஜக்லபள்ளிசாரஸும் முதல் தொகுதியிலிருந்து வந்தவை. 2007இல் விவரிக்கப்பட்ட லாம்ப்லுசாராவும் பிரதானியாவும் இரண்டாவதிலிருந்து வந்தவை. "தர்மாரம்" என்று மட்டும் எழுதினால் ஒரு பெரும் உயிரழிவுக்கு முன்னா பின்னா என்பதே தெரியாமல் போய்விடும்.

2. சுத்தம் செய்தல்: விவரணைக்குத் தேவையான அளவு

சிவப்புக் களிமண் பாறையில் புதைந்த எலும்பைக் காற்றழுத்த உளியாலும் ஊசியாலும் உருப்பெருக்கியின் கீழ் விடுவிப்பதே வழக்கம். விரிசல் விட்ட எலும்புக்கு பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து ஊட்டுங்கள். ஊடுருவ வேண்டுமானால் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 5 கிராம் போதும். உடைந்த துண்டுகளை ஒட்ட 30 முதல் 50 கிராம் வரை தேவைப்படும். தொடக்கத்திலேயே கெட்டியான கரைசலைப் பூசினால் அது மேற்பரப்பில் பளபளப்பான தோலாகப் படிந்து, உள்ளே நொறுங்கல் அப்படியே இருக்கும். அந்தப் பளபளப்பு படங்களையும் கெடுக்கும். எந்தப் பசையானாலும் பின்னால் கரைத்து எடுக்க முடிய வேண்டும். எபாக்சியும் சயனோஅக்ரிலேட்டும் அந்த வகையில் சேராதவை, கனமான முறிவுகளுக்கு வேறு வழியே இல்லாதபோது மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

சுண்ணாம்புப் பாறையில் இருந்தால் நீர்த்த அசிட்டிக் அல்லது ஃபார்மிக் அமிலம் அற்புதமாக வேலை செய்யும். செலிடோசாரஸின் நுண்ணிய எலும்புகள் வெளிவந்தது அமிலத்தால்தான். 5 முதல் 10 விழுக்காடு கரைசலில் கால்சியம் பாஸ்பேட் சேர்த்து, வெளிப்பட்ட எலும்புக்குப் பிசின் பூசி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அமிலத்தில் இருந்த நேரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நேரம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். கழுவுவதில் சுருக்கினால் எஞ்சிய உப்பு மாதங்கள் கழித்துப் பூத்து எலும்பின் மேற்பரப்பை உரித்துவிடும்.

எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டியதில்லை. மண்டையோட்டின் மெல்லிய எலும்புகள் பொருத்தம் கலையாமல் இருந்தால் அவற்றைப் பாறையிலேயே விட்டு சி.டி. ஸ்கேன் எடுப்பது நல்லது. ஒரு முறை பிரித்த மூட்டு மறுபடி அதே இடத்தில் அமராது.

3. இது ஒரே விலங்கா?

விவரணைகளில் மிகப் பெரிய தவறுகள் நிகழ்வது இங்கேதான். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் கிடைத்த டெரட்டோசாரஸின் மேல்தாடையில் கத்தி போன்ற ஊன் உண்ணிப் பற்கள் இருந்தன. அது டைனோசர் அல்ல, முதலைகளின் உறவு வழியில் வந்த வேட்டை விலங்கு. ஆனால் தாவர உண்ணி டைனோசரின் உடல் எலும்புகள் அதனோடு சேர்த்து வைக்கப்பட்டதால், பிளேட்டியோசாரஸின் உறவினரில் ஊன் தின்னும் கிளை ஒன்று இருந்ததாகப் பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. 1980களில்தான் இந்தக் கலப்பு பிரித்துக் காட்டப்பட்டது. மலேரியின் அல்வால்கேரியாவிலும் இதே சிக்கல்: தொடையெலும்பும் கணுக்கால் எலும்பும் டைனோசருடையவை, தாடைப் பகுதி அப்படித் தெரியவில்லை. செலிடோசாரஸுக்கே ஒரு காலத்தில் அடிப்படை மாதிரியாகக் கொள்ளப்பட்டது ஓர் ஊன் உண்ணி டைனோசரின் முழங்கால் மூட்டு. விலங்குப் பெயரிடல் ஆணையம் தலையிட்டுத்தான் அந்தத் தகுதி 1858இன் எலும்புக்கூட்டுக்கு மாற்றப்பட்டது.

எனவே ஒவ்வொரு எலும்பையும் பின்வரும் கேள்விகளால் சோதியுங்கள்.

மூட்டோடு மூட்டாக ஒட்டிக் கிடந்ததா, ஒரு மீட்டருக்குள் கிடந்ததா, அதே குழியில் எங்கோ கிடந்ததா? இவற்றை ஒட்டியவை, அருகில் கிடந்தவை, சிதறியவை என்று மூன்று தனி வகையாகவே அட்டவணையில் குறிக்க வேண்டும். இரண்டு இடது தொடையெலும்பு இருக்கிறதா? எந்த எலும்பு அதிகமுறை திரும்ப வருகிறதோ அந்த எண்ணிக்கைதான் குறைந்தபட்ச விலங்குகளின் எண்ணிக்கை. பராபாசாரஸின் ஏறத்தாழ 300 எலும்புகள் குறைந்தது ஆறு விலங்குகளுக்கு உரியவை என்ற முடிவு இப்படி எண்ணித்தான் கிடைத்தது. அளவு பொருந்துகிறதா? தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் முழங்காலில் ஒன்றோடொன்று உட்காருகின்றனவா? நிறமும் மேற்பரப்புத் தேய்மானமும் ஒன்றா?

அடிப்படை மாதிரியாக, அதாவது ஹோலோடைப்பாக, மூட்டு கலையாத அல்லது ஐயமின்றி ஒரே விலங்குக்குரிய எலும்புகளை மட்டும் வையுங்கள். ஐயமுள்ளவற்றைச் சார்பு மாதிரி என்று தனியாகப் பட்டியலிடலாம். ஹோலோடைப் சிறியதாகத் தோன்றும், கவலை வேண்டாம். கலப்பான பெரிய ஹோலோடைப்பை விடத் தூய்மையான சிறிய ஹோலோடைப் நூறு ஆண்டு நிற்கும்.

4. மண் செய்த வடிவமும் உயிர் செய்த வடிவமும்

நசுங்காத தொல்லெலும்பு அரிது. நசுங்கலை ஒரு பண்பாக எழுதிவிட்டால் இல்லாத இனம் ஒன்று பிறந்துவிடும். சோதிக்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, இடமும் வலமும்: இடது தொடையெலும்பின் தண்டு தட்டையாகவும் வலது உருண்டையாகவும் இருந்தால் ஏதோ ஒன்று நசுங்கியது உறுதி. இரண்டாவது, திசை: களக் குறிப்பில் உள்ள மேல்பக்கத்தை வைத்து எல்லா எலும்புகளின் தட்டையான அச்சையும் ஒரே வரைபடத்தில் குறியுங்கள். எல்லாம் அடுக்குக்குச் செங்குத்தாக நசுங்கியிருந்தால் அது மண்ணின் வேலை. மூன்றாவது, விரிசல்: உடைந்து நகர்ந்த தட்டுகளுக்கு இடையே பாறை புகுந்திருந்தால் அந்த வளைவு இயற்கையானதல்ல. விரிசல் எதுவும் இல்லாமல் எலும்பு களிமண்ணைப் போல வளைந்திருப்பதும் உண்டு. முதல் இரண்டு சோதனைகளும் அதற்காகத்தான்.

முதுகெலும்புத் தொடரில் இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டும். ஒரு முள்ளெலும்பின் உடல் அகலமாகவும் அடுத்தது குறுகலாகவும் மாறி மாறி வந்தால் அது வரிசை மாற்றமாக இருக்க முடியாது. உயிருள்ள விலங்கில் கழுத்திலிருந்து வால் வரை அளவுகள் படிப்படியாகவே மாறும். அகலத்தை வரைகோட்டில் போட்டால் நசுங்கிய முள்ளெலும்புகள் கோட்டிலிருந்து விலகித் தனியாக நிற்கும்.

5. அளவெடுத்தல்

300 மில்லிமீட்டர் வரை டிஜிட்டல் காலிப்பர், அதற்கு மேல் பெரிய மரவேலைக் காலிப்பர் அல்லது இரண்டு சதுரப் பலகைகளுக்கு இடையே எலும்பை நிறுத்தி அளவு. வளைந்த மேற்பரப்பின் மேல் டேப் போட்டு நீளம் எடுக்கக் கூடாது. டேப் சுற்றளவுக்கு மட்டுமே. ஒவ்வோர் அளவையும் மூன்று முறை, வெவ்வேறு நாளில் எடுத்து, சராசரியை எழுதுங்கள். உடைந்த எலும்பில் மதிப்பிட்ட அளவுக்கு உடுக்குறி, எஞ்சிய பகுதியின் அளவுக்கு வேறு குறி. இரண்டையும் கலந்தால் அட்டவணை பயனற்றது.

தொடையெலும்பில் எடுக்க வேண்டியவை: மொத்த நீளம், தண்டின் மிகக் குறுகிய சுற்றளவு, மேல்முனை அகலம், கீழ்முனை அகலம், மேல்முனையிலிருந்து நான்காம் முகட்டின் (தண்டின் பின்பக்கத்தில் வால் தசை பற்றும் மேடு) கீழ்நுனி வரை உள்ள தூரம். முள்ளெலும்பில்: உடலின் நீளம், முன்முகத்தின் உயரமும் அகலமும், பின்முகத்தின் உயரமும் அகலமும், நரம்புக் கால்வாயின் அகலம், நரம்பு முள்ளின் உயரம். கழுத்து முள்ளெலும்பில் நீளத்தைப் பின்முக உயரத்தால் வகுத்தால் நீட்சி விகிதம் கிடைக்கும். பலர் உயரத்தால் வகுப்பார்கள், சிலர் அகலத்தால் வகுப்பார்கள், எதால் வகுத்தீர்கள் என்று எழுதியே ஆக வேண்டும்.

சுற்றளவு எதற்கு? இரண்டு காலால் நடந்த விலங்கின் எடையை மதிப்பிட. தொடையெலும்புச் சுற்றளவை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதன் பத்தடி மடக்கையை (log) 2.749ஆல் பெருக்கி, 1.104ஐக் கழித்தால் வருவது கிராமிலான எடையின் மடக்கை. சுற்றளவு 240 மில்லிமீட்டரானால் விடை ஏறத்தாழ 713 கிலோ. இதை 713 என்றே எழுதி நிறுத்திவிடாதீர்கள். இந்தச் சூத்திரத்தின் சராசரிப் பிழை 25 விழுக்காடு, எனவே ஏறத்தாழ 535 முதல் 890 கிலோ என்ற எல்லைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். நசுங்கிய தண்டில் இந்தக் கணக்கைப் போடவே கூடாது.

6. எலும்பு எலும்பாக எழுதுதல்

வரிசை: மண்டையோடு, கீழ்த்தாடை, பற்கள், கழுத்து, முதுகு, இடுப்பு, வால், விலா, தோள், கை, இடுப்பெலும்பு, கால். ஒவ்வொரு எலும்புக்கும் ஆறு அடுக்குகள். எவ்வளவு எஞ்சியிருக்கிறது, எந்தப் பக்கம், எந்த மாதிரி எண், பொது வடிவமும் அளவும், மேற்பரப்பில் உள்ள முகடு, குழி, தசைத் தழும்பு, கடைசியாகப் பிற இனங்களோடு ஒப்பீடு. ஒப்பீட்டை நடுவில் புகுத்தினால் படிப்பவருக்கு எது உங்கள் எலும்பு, எது பிறருடையது என்று குழப்பம் வரும்.

திசைச் சொற்களைத் தொடக்கத்திலேயே நிர்ணயித்து மாற்றாமல் பயன்படுத்துங்கள். கைகால் எலும்புகளுக்கு மேல்முனை, கீழ்முனை, முன், பின், உட்பக்கம், வெளிப்பக்கம் போதும். கை எலும்புகளில் மட்டும் எச்சரிக்கை தேவை. பிளேட்டியோசாரஸை நான்கு காலில் நிறுத்திய பழைய அருங்காட்சியகக் கூடுகளில் உள்ளங்கை தரையைப் பார்த்தபடி இருக்கும். முன்கையின் இரு எலும்புகளும் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்க முடியாது, அதனால் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடிதான் இருக்க முடியும் என்று 2007இல் காட்டப்பட்டது. பொருத்திய கூட்டின் நிலையைப் பார்த்துத் திசை எழுதினால் பழைய பிழையைத் தொடர்வீர்கள். மூட்டுப் பரப்பைப் பார்த்து எழுதுங்கள்.

வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. "தொடையெலும்பு வலுவானது, சற்று வளைந்தது" என்பது எதையும் சொல்லவில்லை. இப்படி எழுதலாம்: "இடது தொடையெலும்பு முழுமையானது, கீழ்முனையின் வெளிக்குமிழ் மட்டும் உடைந்துள்ளது. நீளம் 520 மி.மீ. முன்பார்வையிலும் பக்கப்பார்வையிலும் தண்டு மென்மையான எஸ் வடிவ வளைவு கொண்டது. நான்காம் முகடு மேல்முனையிலிருந்து 260 மி.மீ. தொலைவில் முடிகிறது, அதாவது நீளத்தின் 50 விழுக்காட்டில். முகடு தடித்த தகடு போன்றது, அதன் கீழ்நுனி தொங்கவில்லை." இதைப் படித்து ஒருவர் தன் மாதிரியைச் சோதிக்க முடியும்.

இந்தக் குழுவில் எங்கெல்லாம் அதிக நேரம் செலவிட வேண்டும்?

*பற்கள்.* இலை வடிவம், விளிம்பில் ஏறத்தாழ 45 பாகை சாய்ந்த பெரிய பல்லுறுப்புகள் (ரம்பப் பல் போன்ற சிறு முனைகள்) தாவர உண்ணி சாரோபோடோமார்ஃபின் அடையாளம். எத்தனை பற்குழிகள், அதில் எத்தனை பற்கள் வெளிவந்தவை, எத்தனை மாற்றுப் பற்கள் என்று தனித்தனியாக எண்ணுங்கள். முன்மேல்தாடையில் மாசோஸ்பாண்டிலஸுக்கு 4 பற்கள், பிளேட்டியோசாரஸுக்கு 5 அல்லது 6. பல்லுறுப்பு எண்ணிக்கையை 5 மில்லிமீட்டருக்கு எத்தனை என்று எழுதினால் பிறரோடு ஒப்பிடலாம். தேய்ந்த முகம் இருந்தால் கோணத்தைச் சொல்லுங்கள். "தாவரம் தின்றது" என்பதைப் பல்லின் வடிவத்திலிருந்து எடுத்த ஊகம் என்றே எழுதுங்கள், கண்டது என்று எழுதாதீர்கள். ஆர்னிதிஸ்கியனானால் முதலில் தேட வேண்டியது கீழ்த்தாடை நுனியில் இருக்கும் தனி எலும்பு. அது கழன்று தொலைந்திருந்தாலும் அது ஒட்டிய மேற்பரப்பு பல்லெலும்பின் முன்நுனியில் தெரியும்.

*முள்ளெலும்புகள்.* பிளேட்டியோசாரஸுக்குக் கழுத்தில் 10, முதுகில் 15, இடுப்பில் 3. உங்கள் விலங்கின் எண்ணிக்கையைச் சொல்லும்போது கழுத்து எங்கே முடிந்து முதுகு எங்கே தொடங்குகிறது என்று எந்த அடிப்படையில் முடிவு செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். விலாவின் கீழ்த்தலை முள்ளெலும்பின் உடலிலிருந்து நரம்பு வளைவுக்கு (நரம்புக் கால்வாயை மூடும் மேல்பகுதிக்கு) நகரும் இடமே பெரும்பாலும் எல்லை. குறுக்கு முனையைத் தாங்கும் நான்கு தகடுகளும், அவற்றுக்கு இடையே உள்ள குழிகளும் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் இருக்கிறதா இல்லையா என்று சிறு அட்டவணை போடுங்கள். பின்னாளில் பெரிய சாரோபோடுகளில் காற்றுப்பைகள் புகுந்த குழிகளின் தொடக்கத்தை இங்கே தேடுவார்கள். ஆழமற்ற குழியை "காற்றுக் குழி" என்று எழுதும் முன் அதன் அடியில் துளை உண்டா என்று ஸ்கேனில் பாருங்கள்.

இடுப்பின் மூன்றாவது முள்ளெலும்பு முன்னாலிருந்து சேர்ந்ததா, வாலிலிருந்து சேர்ந்ததா என்பது உறவுமுறையை முடிவு செய்யும் கேள்வி. ஆதியிலிருந்த இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் விலாக்கள் பருத்தவை, இடுப்பெலும்பில் ஆழமான தழும்பு விடுபவை. எது அந்த இரண்டு என்று தழும்புகளை வைத்து முதலில் கண்டுபிடியுங்கள். மீதமிருப்பது எந்தப் பக்கம் என்று அதுவே சொல்லிவிடும். இடுப்பெலும்பு இல்லாமல் முடிவு சொல்லாதீர்கள்.

*கை.* முதல் விரலின் அடியெலும்பு குட்டையாகவும் அகலமாகவும், அதன் நகம் பெரிதாகவும் வளைந்தும் இருக்கும். விரல் எலும்புகளின் சூத்திரம் பிளேட்டியோசாரஸுக்கு 2-3-4-3-2. சிதறிக் கிடந்த விரல்களை வைத்துச் சூத்திரம் எழுதாதீர்கள், மூட்டோடு கிடைத்த கைக்கு மட்டும் எழுதுங்கள்.

*இடுப்பும் காலும்.* இடுப்பின் முன்கீழ் எலும்பான பியூபிஸ் முன்னோக்கி இருந்தால் சாரோபோடோமார்ஃப், பின்னோக்கித் திரும்பி, பின்கீழ் எலும்பான இஸ்கியத்தோடு ஒட்டி ஓடினால் ஆர்னிதிஸ்கியன். கணுக்கால் எலும்பின் மேல்நோக்கிய முனையின் உயரத்தையும், கீழ்க்கால் எலும்பின் கீழ்முனையில் அது உட்காரும் பள்ளத்தையும் எல்லாப் பார்வைகளிலும் படமெடுங்கள். கோதாவரி இனங்களைப் பிரித்தறிவதில் பின்னங்கால், கணுக்கால் பகுதிகள் பெரும்பங்கு வகித்தன. மண்டையோடு கிடைக்காத இடங்களில் கணுக்கால்தான் சாட்சி.

7. குட்டியா, வளர்ந்ததா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத விவரணை ஆபத்தானது. அர்ஜென்டினாவின் முசாரஸ் 1979இல் கையடக்கமான குட்டிகளை வைத்துப் பெயரிடப்பட்டது. வளர்ந்த விலங்கின் எலும்புகள் 2013இல்தான் விவரிக்கப்பட்டன, இரண்டின் உடல் விகிதமும் பெரிதும் வேறு. லெசோதோவின் ஸ்டார்ம்பெர்கியா என்ற ஆர்னிதிஸ்கியன் தனி இனமாக 2005இல் பெயர் பெற்றது. அது வளர்ந்த லெசோதோசாரஸ்தான் என்பது பிற்காலத்தில் பலரும் ஏற்ற கருத்து.

முள்ளெலும்பின் உடலுக்கும் நரம்பு வளைவுக்கும் இடையே உள்ள தையல்கோடு மூடியிருக்கிறதா என்று முழுத் தொடருக்கும் குறியுங்கள். முதலைகளில் அது வாலிலிருந்து கழுத்து நோக்கி மூடும், ஆனால் டைனோசர்கள் அனைத்திலும் அதே வரிசை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம்பகமான வழி நுண்வெட்டு. தொடையெலும்புத் தண்டின் நடுப்பகுதியில், நான்காம் முகட்டுக்குக் கீழே, துண்டு எடுத்து 50 முதல் 80 மைக்ரான் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வளர்ச்சி நிறுத்தக் கோடுகளை எண்ணுங்கள். வெளி ஓரத்தில் கோடுகள் நெருங்கி, இரத்தக் குழாய்கள் அற்றிருந்தால் வளர்ச்சி நின்றுவிட்டது. வெட்டும் முன் முப்பரிமாண ஸ்கேனும் வார்ப்பும் எடுத்து வைக்காமல் ரம்பத்தைத் தொட வேண்டாம்.

அளவை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு பிளேட்டியோசாரஸே சான்று. வளர்ச்சி முடிந்த சில விலங்குகள் 6.5 மீட்டர், சில 10 மீட்டர் என்று 2005இல் நுண்வெட்டு ஆய்வு காட்டியது. எனவே பெரியது ஓர் இனம், சிறியது வேறோர் இனம் என்று பிரிக்கும் முன் மறுபடி யோசியுங்கள்.

8. ஒப்பீடும் தனிப்பண்புகளும்

ஒப்பிடும் ஒவ்வோர் இனத்துக்கும் நேரில் பார்த்தீர்களா, நூல் வழியா, படம் வழியா என்று குறியுங்கள். பழைய படங்களில் பிளாஸ்டரால் நிரப்பிய பகுதிகள் எலும்பு போலவே தெரியும். ஒரு பண்பை முடிவு செய்யும் முன் அது அசல் எலும்பா என்று அருங்காட்சியகத்திடம் கேளுங்கள்.

எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதும் உறுதியாக இருக்க வேண்டும். மாசோஸ்பாண்டிலஸுக்கு 1854இல் ஓவன் பெயர் வைத்த எலும்புகள் 1941இல் லண்டன் குண்டுவீச்சில் அழிந்தன. 2010இல் பி.பி./1/4934 என்ற எலும்புக்கூடு புதிய அடிப்படை மாதிரியாக நிறுவப்பட்டது, அதனால் இனி ஒப்பீடு அதனோடுதான். 1837இன் பிளேட்டியோசாரஸ் மாதிரி பிரித்தறியப் போதுமானதல்ல என்பதால் 2019இல் பெயரிடல் ஆணையம் ட்ராசிங்கன் எலும்புக்கூடான எஸ்.எம்.என்.எஸ். 13200ஐ அடிப்படையாக்கியது. அதற்கு முந்தைய கட்டுரைகளில் அப்பெயர் எந்த எலும்பைச் சுட்டுகிறது என்று பார்த்துதான் மேற்கோள் காட்ட வேண்டும். மலேரியிலிருந்து 1890இல் லைடெக்கர் பெயரிட்ட மாசோஸ்பாண்டிலஸ் ஹிஸ்லோபி, எஞ்சியவை மிகக் குறைவு என்பதால் இன்று ஐயப் பெயராகவே கருதப்படுகிறது.

தனிப்பண்புகளின், அதாவது நெருங்கிய வேறெந்த இனத்திலும் இல்லாத பண்புகளின், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். இரண்டோ மூன்றோ உறுதியான தனிப்பண்புகள், ஒவ்வொன்றுக்கும் நசுங்கல் அல்ல, வயது அல்ல, தனிவிலங்கு வேறுபாடு அல்ல என்ற மூன்று காப்புகளும் இருந்தால் போதும். தனிப்பண்பு ஒன்றுகூட இல்லாவிட்டால் பண்புகளின் சேர்க்கையால் பிரித்தறியலாம், அப்போது அது சேர்க்கை என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாசோஸ்பாண்டிலஸ் என்றே நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்த பி.பி./1/4779 என்ற மாதிரியை 2019இல் இங்வேவு என்ற தனி இனமாக்கியவர்கள் இந்தக் காப்புகளை ஒவ்வொன்றாகக் கடந்தார்கள்: நசுங்கலா என்று பார்த்தார்கள், வயது வேறுபாடா என்று வளர்ச்சித் தொடரோடு ஒப்பிட்டார்கள்.

9. படமும் வரைவும்

ஒவ்வொரு முக்கிய எலும்புக்கும் முன், பின், உள், வெளி, மேல், கீழ் என ஆறு பார்வை. ஒளி மேல் இடப்பக்கத்திலிருந்து வருவது மரபு. திசை மாறினால் குழி மேடாகவும் மேடு குழியாகவும் கண்ணுக்குத் தெரியும். அளவுகோல் எலும்பின் நடுத்தளத்தின் உயரத்தில் இருக்க வேண்டும், மேசை மேல் வைத்தால் அளவு தவறும். புகைப்படத்துக்குப் பக்கத்தில் கோட்டு வரைவு ஒன்று போடுங்கள்: எலும்பு, உடைவு, பாறை, பிளாஸ்டர் நான்கும் நான்கு வகைச் சாயலில். முப்பரிமாண மாதிரிக்கு எலும்பைச் சுற்றி 60 முதல் 70 விழுக்காடு ஒன்றோடொன்று மேற்பொருந்தும் படங்கள் தேவை. எலும்பைத் திருப்பி இரண்டாம் சுற்று எடுக்காவிட்டால் அடிப்பக்கம் காலியாகிவிடும்.

10. உறவுமுறை அட்டவணையும் வெளியீடும்

ஆரம்பகாலச் சாரோபோடோமார்ஃபுகளுக்கான பண்பு அட்டவணைகள் பலவும் 2007இல் வெளிவந்த 353 பண்புகள் கொண்ட ஒன்றிலிருந்து வளர்ந்தவை. உங்கள் மாதிரியைச் சேர்க்கும்போது எலும்பு கிடைக்காத பண்புக்குக் கேள்விக்குறி, அந்த விலங்குக்குப் பொருந்தவே முடியாத பண்புக்குச் சிறுகோடு. இரண்டையும் குழப்பினால் கிளைகள் இடம் மாறும். நசுங்கல் ஐயம் உள்ள பண்புக்குக் கேள்விக்குறியே போடுங்கள். குட்டியையும் வளர்ந்ததையும் ஒரே வரியில் சேர்த்துக் குறியிடாதீர்கள். உறவு மரத்தைக் கணிக்கும் டி.என்.டி. என்ற இலவச மென்பொருளில் ஓட்டிய பிறகு, உங்கள் விலங்கை மரத்தின் வேறு இடத்தில் கட்டாயமாக வைத்தால் எத்தனை படிகள் (பண்பு மாற்றங்கள்) கூடுகின்றன என்றும் பாருங்கள். ஒன்றிரண்டு படி மட்டுமே கூடினால் அந்த இடம் உறுதியில்லை, கட்டுரையில் அப்படியே எழுதுங்கள்.

புதிய பெயர் செல்லுபடியாக, 1999க்குப் பிந்தைய விதிப்படி ஹோலோடைப் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டு, அது எந்த நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கிறது அல்லது இருக்கும் என்ற கூற்றும் இருக்க வேண்டும். பிரித்தறியும் பண்புகள் சொற்களில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியாகும் கட்டுரைக்கு, விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் தேவை, அந்தப் பதிவெண் கட்டுரைக்குள்ளேயே அச்சாக வேண்டும். தனியார் வீட்டில் இருக்கும் எலும்புக்கு எவ்வளவு அழகான விவரணை எழுதினாலும் அடுத்தவர் அதைச் சரிபார்க்க முடியாது. எனவே பொதுச் சேகரிப்பில் எண் கிடைத்த பிறகே எழுதத் தொடங்குங்கள்.

அளவு அட்டவணை, பண்புக் குறியீடுகள், ஸ்கேன் கோப்புகள் மூன்றையும் கட்டுரையோடு பொதுக் களஞ்சியத்தில் ஏற்றி, ஏற்றும் முன் ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் மாதிரி எண்ணும் எலும்பின் பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். இடது வலது குறிக்காத ஸ்கேன், கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் கண்ணாடிப் பிம்பமாகிவிடும், பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.